மறக்கும் உரிமை

தமிழ் சினிமாவில் ஞாபகத்தைத் தொலைத்த இரண்டு பேரை நாம் மறக்கவே இல்லை. ஒருத்தி, 1982இல் பாலு மகேந்திரா இயக்கிய ‘மூன்றாம் பிறை’யின் விஜி. இன்னொருவன், 2005இல் ஏ.ஆர். முருகதாஸ் இயக்கிய ‘கஜினி’யின் சஞ்சய் ராமசாமி. இரண்டையும் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்திருப்போம். அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் ஒன்று தட்டுப்படுகிறது. நம் கதைகளில் ஆண் மறந்தால் ஒரு மாதிரி, பெண் மறந்தால் வேறு மாதிரி.

விஜிக்கு விபத்தில் அடிபட்டு மனம் குழந்தைப் பருவத்துக்குத் திரும்பிவிடுகிறது. பாலியல் தொழில் நடக்கும் வீட்டில் விற்கப்பட்டுக் கிடந்தவளைச் சீனு மீட்டு ஊட்டிக்கு அழைத்துப் போகிறான். ஞாபகம் இல்லாத அந்தப் பெண் துள்ளுகிறாள், சிணுங்குகிறாள், நாய்க்குட்டியோடு விளையாடுகிறாள். வளர்ந்த உடம்பும் குழந்தை மனமும் சேர்ந்த அந்த உருவத்தைப் படம் அவ்வளவு அழகாகக் காட்டுகிறது. கடைசியில் அவளுக்கு ஞாபகம் திரும்புகிறது. தன் பெயர், பெற்றோர், படிப்பு, வயது எல்லாம் கைக்கு வருகின்றன. அதே நொடியில் சீனு மறந்துபோகிறான். ரயில் நிலையத்தில் குரங்கைப் போல ஆடிக் காட்டி அவளுக்கு நினைவூட்டப் பார்க்கும் சீனுவுக்காக நாற்பது வருடங்களாக நாம் அழுதுகொண்டிருக்கிறோம். ஒரு பெண் தன்னைத் திரும்பப் பெறுகிற காட்சி, அவனுடைய இழப்பாகவே நம் மனதில் பதிந்திருக்கிறது.

சஞ்சய் ராமசாமிக்கோ 15 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் அழிந்துபோகும். உடம்பெல்லாம் பச்சை குத்தியிருக்கிறான். சுவரெல்லாம் புகைப்படங்கள், குறிப்புகள். மறதி அவனைக் குழந்தையாக்கவில்லை. காதலியைக் கொன்றவனைப் பழிவாங்கும் ஒரே குறிக்கோளுக்கு அவனைக் கூர்தீட்டுகிறது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வரும். கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் மறக்கிறவன் வீட்டில் காஸ் தீர்ந்ததும், பால் வாங்க வேண்டியதும், சட்டை துவைக்க வேண்டியதும் யார் தலையில் இருந்தன? அவன் உடம்பில் அதெல்லாம் பச்சை குத்தப்படவில்லை.

மறதி எல்லா மூளைக்கும் பொது. மறக்கலாம் என்கிற அனுமதி பொது இல்லை. சினிமாவும் கதையும் அறிவியல் செய்தியும் நீதிமன்றத் தீர்ப்பும் அந்த அனுமதியை எப்படிப் பங்கிடுகின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

கையின் ஞாபகம், தலையின் ஞாபகம்

முதலில் மூளையைப் பற்றிக் கொஞ்சம்.

1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த அறுவை சிகிச்சை நடந்தது. மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போயிற்று. பெயர் சொல்லிக் கைகுலுக்கியவர் வெளியே போய்த் திரும்பினால், மறுபடி புதியவர். அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் பிரெண்டா மில்னர் என்ற பெண் விஞ்ஞானி. கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரமாகக் கோடு போடச் சொன்னார் மில்னர். மொலைசன் ஒவ்வொரு நாளும் இதை முதல்முறையாகச் செய்வதாகவே நினைத்தார். ஆனால் நாளுக்கு நாள் அவர் கை தேறிக்கொண்டே வந்தது. தலை மறந்ததைக் கை மறக்கவில்லை.

ஞாபகம் என்பது ஒரே சரக்கு அல்ல என்று உலகம் உறுதியாகப் புரிந்துகொண்டது இந்த ஆய்விலிருந்துதான். பழக்கத்தால் கைக்கு வருவது ஒன்று. தோசை வார்ப்பது, பூ கட்டுவது, வண்டி ஓட்டுவது எல்லாம் அந்த வகை. ஒருமுறை படிந்துவிட்டால் தலைக்கு அதிக வேலை வைக்காது. இன்னொன்று, இப்போது எது, அடுத்து எது, யாருக்கு எது என்று தலைக்குள் ஏந்திக்கொண்டிருப்பது. அதற்கு இடம் மிகக் குறைவு. ஒரே சமயத்தில் சுமார் ஏழு விஷயங்களை வைத்திருக்கலாம் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் பழைய சோதனைகளையெல்லாம் அலசிவிட்டு, நான்குதான் என்றார். உடல் எடையில் 2 சதவீதமே இருந்துகொண்டு, ஓய்வில் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிற உறுப்பு இது. அதன் கையிருப்பு நான்கு.

மொலைசன் கதையில் பாடப்புத்தகங்கள் வேகமாகத் தாண்டிப்போகும் ஒரு தகவலும் உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் பல ஆண்டுகள் பெற்றோரோடு வாழ்ந்தார். அவரைப் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் அம்மா. உலகின் மிகப் பிரபலமான மறதிக்குப் பின்னாலும் ஒரு பெண் நின்றிருக்கிறாள்.

மோட்டாரை யார் நிறுத்துவது?

நான் இருப்பது மாடம்பாக்கத்தில். ராஜகீழ்ப்பாக்கத்தில் வேளச்சேரி சாலையிலிருந்து திரும்பி உள்ளே வந்தால் எங்கள் ஊர். ஏரி இருக்கிறது, சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. பேரூராட்சியாக இருந்த ஊர், 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் சேர்ந்தது. வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்திருக்கிறது. காலையில் பாதி ஊர் தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடிக்கப் போகும். மீதிப் பாதி மேடவாக்கம் வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போகும்.

இந்த ஊரில் ஒரு பெண்ணின் காலை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நமக்குத் தெரிந்தது அவள் கை செய்வது. தலை செய்வதைப் பார்ப்போம்.

மோட்டார் போட வேண்டும். போட்டால் நிறுத்த வேண்டும். தொட்டி எப்போது நிரம்பும் என்று மணி அடித்துச் சொல்ல ஆளில்லை. மாடியிலிருந்து தண்ணீர் வழியும் சத்தத்துக்கு முன்னால் தானாக நினைவு வர வேண்டும். ‘பிறகு செய்ய வேண்டியதை அந்த நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவருவது’ என்று மூளை ஆய்வாளர்கள் தனியாகப் பிரித்துப் பேசும் ஞாபகம் இதுதான். நடந்ததை நினைவு வைப்பதைவிட இது சிக்கலானது. வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது, யாரும் கேட்காமலே எழுந்து வர வேண்டும்.

இதோடு இட்லி. இன்று காலை இட்லி என்றால், அது நேற்று முடிவானதில்லை. அரிசி ஊறி, அரைத்து, மாவு புளிக்க வேண்டும். முந்தாநாளே ஒருத்தி தலையில் அந்த இட்லி வெந்தாயிற்று. இதோடு பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு வந்த செய்தி: நாளை மஞ்சள் நிறச் சட்டை. மாமியாரின் பிரஷர் மாத்திரை இன்னும் மூன்று நாளைக்குத்தான் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி. தண்ணீர் லாரிக்குச் சொல்ல வேண்டும். நாத்தனார் மகளுக்குப் பிறந்தநாள், கணவர் போன் செய்ய மறந்துவிடுவார், அவருக்கு நினைவூட்ட வேண்டும். மறக்காமல் இருப்பது ஒரு வேலை. இன்னொருவருடைய மறதியையும் சேர்த்துச் சுமப்பது இரண்டாவது வேலை.

பெர்லினில் படித்த ப்ளூமா ஸெய்கார்னிக் என்ற பெண் 1927இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். முடித்த வேலையைவிட அரைகுறையாக நின்ற வேலை மனதில் அதிகம் தங்குகிறது என்பது அதன் சாரம். உணவகப் பணியாளர்கள் பணம் கொடுக்காத மேசையின் கணக்கை மட்டும் அச்சுப்பிசகாமல் நினைவில் வைத்திருப்பதிலிருந்து கிளம்பிய யோசனை என்பார்கள். பிறகு நடந்த சோதனைகள் எல்லாம் அதே விடையைத் தந்துவிடவில்லை. ஆனால் முடியாத வேலை மனதுக்குள் வந்து வந்து போகும் என்பதற்கு ஆய்வகம் தேவையில்லை. வீட்டுவேலையில் எது முடிகிறது? பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் ஒரு டம்ளர் வந்து விழுகிறது.

கையிருப்பு நான்கு என்றார்கள். மேலே உள்ள பட்டியலை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் பகுதியில் பல வீடுகளில் வேலை செய்ய அக்காமார்கள் வருகிறார்கள். நான்கு வீட்டில் வேலை பார்க்கும் ஒருவருக்கு எந்த வீட்டில் அமாவாசைக்கு வெங்காயம் ஆகாது, எந்த வீட்டில் எந்தப் பாத்திரத்தில் கறி சமைக்கக் கூடாது, எந்த வீட்டுப் பாட்டிக்கு எத்தனை மணிக்குக் கஞ்சி என்பதெல்லாம் தெரியும். தன் வீட்டுக் கணக்கு தனி. என் தலைப்பாரம் குறைந்தால் அது பெரும்பாலும் என் வீட்டு ஆண்களின் தலைக்குப் போவதில்லை. இன்னொரு பெண்ணின் தலைக்குப் போகிறது. சம்பளம் பேசும்போது பாத்திரத்துக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு, பெருக்கித் துடைக்க இவ்வளவு என்று பேசுகிறோம். நினைவில் வைத்துக்கொள்வதற்கு இவ்வளவு என்று யாரும் பேசியதில்லை.

‘பெண் மூளை’ என்ற பாராட்டு

“அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.” இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். கூடவே அறிவியலையும் துணைக்கு அழைக்கிறார்கள். பெண் மூளை ஒரே நேரத்தில் பத்து வேலை செய்யும்படி இயற்கையாகவே அமைந்தது, ஆண் மூளை ஒன்றில் மட்டும் கூர்மையாக இருக்கும் என்று மகளிர் தினப் பேச்சுகளில் கேட்காதவர் உண்டா?

இந்த வாதத்துக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2013இல் ராகிணி வர்மாவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு. 8 முதல் 22 வயது வரையிலான 949 பேரின் மூளைப் படங்களை வைத்து, சராசரியாகப் பெண்களின் மூளையில் இரு அரைக்கோளங்களுக்கு இடையே இணைப்புகள் அதிகம், ஆண்களின் மூளையில் ஒவ்வோர் அரைக்கோளத்துக்கு உள்ளே அதிகம் என்றது அது. அந்தப் படங்கள் யாரும் சமைத்துக்கொண்டே கணக்குப் போடும்போது எடுக்கப்பட்டவை அல்ல. இணைப்பின் சராசரியிலிருந்து இட்லி மாவு வரைக்கும் பாலம் கட்டியதில் ஊடகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

2015இல் டாஃப்னா ஜோயல் தலைமையில் நடந்த ஆய்வு 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களைப் பார்த்தது. முழுக்க ‘ஆண்’ கூறுகளோ முழுக்க ‘பெண்’ கூறுகளோ கொண்ட மூளைகள் மிக அரிது. பெரும்பாலானவை கலவை என்றது. 2019இல் ஜெர்மனியில் 48 ஆண்களையும் 48 பெண்களையும் வைத்து, இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்யச் சொல்லியும், மாறி மாறிச் செய்யச் சொல்லியும் சோதித்தார்கள். இரு பாலாருக்கும் வேகமும் துல்லியமும் குறைந்தன. ஒரே அளவில் குறைந்தன. பத்து வேலையை ஒரே நேரத்தில் செய்யும் மூளை யாரிடமும் இல்லை. ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவும் மூளைதான் எல்லோரிடமும் இருக்கிறது. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு விலை இருக்கிறது.

சென்னை ஐஐடியில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இருக்கிறது. 2024 டிசம்பரில் அது, கருவில் வளரும் மனித மூளையின் 5,132 வெட்டுப் பகுதிகளை மிகத் துல்லியமான படங்களாக உலகுக்குத் திறந்துவைத்தது. ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய, நம் ஊருக்குப் பெருமையான வேலை. மூளை எப்படி வளர்கிறது என்று அந்தப் படங்கள் சொல்லும். வளர்ந்த பிறகு அதில் எதை ஏற்றி வைக்கிறார்கள் என்பதை எந்த வெட்டுப் பகுதியும் சொல்லாது. அதைக் கதைகளில்தான் தேட வேண்டும்.

ஒழுகும் குழாய்

ஜியோ பேபி இயக்கிய மலையாளப் படம் ‘தி கிரேட் இண்டியன் கிச்சன்’ 2021இல் வந்தது. 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்கத் தமிழிலும் வந்தது. நறுக்குவது, அரைப்பது, துடைப்பது, எச்சில் இலை எடுப்பது என்று கையின் வேலையைத் திரும்பத் திரும்பக் காட்டி நம்மைத் திணறடித்த படம் அது. அந்தத் திணறல் நியாயமானது. ஆனால் கையைக் காட்டுவது கேமராவுக்குச் சுலபம். தலைக்குள் ஓடுவதை எப்படிக் காட்டுவது?

அந்தப் படம் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. சமையலறைத் தொட்டியின் கீழே குழாய் ஒழுகுகிறது. பிளம்பரை அழைக்கும்படி கணவனிடம் சொல்கிறாள். அவன் மறந்துவிடுகிறான். மறுபடி சொல்கிறாள். மறுபடி மறக்கிறான். அழுக்குத் தண்ணீரைப் பிடித்துப் பிடித்துக் கொட்டுகிறாள். படம் முழுக்கக் கசியும் அந்தத் தண்ணீர்தான், என் வாசிப்பில், அவள் தலைக்குள் இருக்கும் பாரத்துக்குப் படம் கொடுத்த உருவம். பிளம்பரை அழைக்கும் அதிகாரம் அவனிடம். அழைக்க வேண்டும் என்ற நினைவு அவளிடம். கடைசியில் அந்தத் தண்ணீரை அவன் மேல் வீசும்போது, அவன் மறந்த ஒவ்வொரு நாளையும் சேர்த்தே வீசுகிறாள்.

2019இல் அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி எழுதிய ஆய்வு இந்தக் காட்சிக்கு உரை எழுதியதைப் போல இருக்கும். அவர் குடும்பத்தின் சிந்தனை உழைப்பை நான்காகப் பிரித்தார்: வரப்போகும் தேவையை முன்கூட்டி உணர்வது, அதற்கான வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்களிடம். முடிவெடுப்பதில் மட்டும் ஆண்கள் நன்றாகவே கலந்துகொள்கிறார்கள். அவர் பேசியது அமெரிக்கத் தம்பதிகளிடம். நம் ஊரில் அதை இப்படிச் சொல்லலாம்: மூன்று பள்ளிக்கூடத்துக்கு அலைந்து, ஃபீஸ் விசாரித்து, வேன் வருமா என்று கேட்டு வைப்பது அவள். “சரி, இதிலேயே சேர்த்துடலாம்” என்பது அவர்.

ஆண்களின் தலையிலும் பாரம் உண்டு. வீட்டுக் கடன், வேலை போய்விடுமோ என்ற பயம், தங்கை கல்யாணம். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அந்தப் பாரத்துக்குப் பெயர் இருக்கிறது. “அப்பா டென்ஷன்ல இருக்கார், சத்தம் போடாதீங்க” என்று வீடே அடங்குகிறது. அவர் உப்பு வாங்க மறந்தால் அது வேலைப்பளு. அவள் உப்புப் போட மறந்தால் “உன் கவனம் எங்கே இருக்கு?”

ஜீஜியின் தலை

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ அதே பெயருள்ள தொகுப்பாக 1988இல் வந்தது. இதைப் பலரும் சமையலறை என்ற இடத்தைப் பற்றிய கதையாகவே வாசித்திருக்கிறோம். தவறில்லை. ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பம், பெரிய வீடு, அதன் மூலையில் இருட்டாக ஒரு சமையலறை. தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி அந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாக்கலாம் என்கிறாள். மாமனார் பப்பாஜிக்கு அது பிடிக்கவில்லை. விரிவதற்குப் பதிலாக வெளியே துணி உலர்த்தக் கயிறு வருகிறது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைத் துணிகள் மறைக்கின்றன.

மூளையைப் பற்றிப் படித்த பிறகு இந்தக் கதைக்குத் திரும்பும்போது என் கண்ணில் பட்டது இடம் அல்ல, தலை. நோயுற்றுக் கிடக்கும் மாமியார் ஜீஜியிடம் முடிவில் மீனாட்சி பேசுகிறாள். இன்றைக்கு என்ன சமைப்பது என்ற யோசனை அன்றாடம் அடைத்துக்கொண்டிராவிட்டால் இந்தத் தலை எதையெல்லாம் கண்டுபிடித்திருக்கும், எதையெல்லாம் படைத்திருக்கும் என்பதை நோக்கி அந்தப் பேச்சு போகிறது. சமைப்பதால் கை களைத்தது என்று அம்பை புகார் சொல்லவில்லை. என்ன சமைப்பது என்று யோசித்த யோசனையைக் கணக்குக் கேட்கிறார். கைக்குப் பழகிய வேலை மூளைக்கு லேசு, தினமும் புதிதாக முடிவெடுக்கும் வேலைதான் பாரம் என்று ஆய்வகங்கள் பிரித்துச் சொன்னதை ஒரு சிறுகதை தன் வழியில் கண்டுகொண்டிருக்கிறது. அன்றாடச் சிந்தனை உழைப்பைப் பற்றி இன்று எழுதப்படும் கட்டுரைகளுக்குத் தமிழில் ஒரு முன்னோடி தேடினால் நான் இந்தக் கதையைத்தான் காட்டுவேன்.

கதையின் இன்னொரு நேர்மை எனக்கு இன்னும் முக்கியம். ஜீஜி வெறும் பாவப்பட்டவள் இல்லை. அவளுடைய பலமே அந்தச் சமையலறையிலிருந்துதான் வருகிறது. எது எங்கே இருக்கிறது, யாருக்கு எது பிடிக்கும், எது எவ்வளவு மிச்சம் என்பது தெரிந்தவளிடம் சாவி இருக்கும். நம் வீடுகளிலும் அப்படித்தான். “நான் ரெண்டு நாள் இல்லாட்டி இந்த வீடு நாறிடும்” என்பதில் அலுப்பு பாதி, பெருமை பாதி. அந்தப் பெருமையை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டு வேறு என்ன கொடுக்கப்போகிறோம்? சொத்து அவள் பெயரில் இல்லை, முடிவு அவள் கையில் இல்லை. ஞாபகம் ஒன்றுதான் அவள் பெயரில் இருக்கும் அதிகாரம். அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டாள். மகனோ கணவனோ பருப்பு டப்பாவைத் திறந்து பார்த்தால், “நீ விடு, நான் பாத்துக்கறேன்” என்று வாங்கி வைத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் மீனாட்சியோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. சமையலறையையும் நகையையும் உதறிவிட்டு உள்ளுக்குள் ஆழமாகப் போகச் சொல்கிறாள் அவள். அது ஒரு பெண்ணின் மனவிடுதலைக்கான வழி. ஆனால் ஜீஜி உள்ளே போனபிறகும் அந்த வீட்டில் நாளைக்குக் காலையில் அத்தனை பேருக்கும் பசிக்கும். ஜீஜியின் தலையிலிருந்து இறங்கியது எங்கே போகும்? அடுத்த மருமகளின் தலைக்கு. அல்லது பாத்திரம் தேய்க்க வருபவரின் தலைக்கு. கதை அதைச் சொல்லவில்லை. 1980களில் எழுதிய கதை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. மீதியைச் சொல்ல வேண்டியது நாம்.

கணக்கில் வருவதும் வராததும்

சில விஷயங்கள் கணக்கில் வரத் தொடங்கியிருக்கின்றன. 2019இல் நாடு முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். அரை மணி நேரக் கட்டங்களாகக் கேட்டுக் குறித்த கணக்கு அது. தோசையைத் திருப்பும்போதும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் தலைக்குள் ஓடும் பட்டியலை யார் எந்தக் கட்டத்தில் சொல்லியிருப்பார்கள்?

2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. திட்டமிடுவது, ஒழுங்குபடுத்துவது, வரவுசெலவு பார்ப்பது என்று இல்லத்தரசியின் வேலைகளைத் தீர்ப்பு வரிசைப்படுத்தியது. விடுமுறை இல்லாத வேலை என்றது. தலை செய்யும் வேலை சொத்துக் கணக்கில் ஏறியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அவளை மேலாளர், சமையல் வல்லுநர், வீட்டு மருத்துவர் என்று பல திறமைகளின் உருவமாகப் போற்றும் அந்த மொழியில், மகளிர் தின மேடையின் எதிரொலியும் கேட்கிறது. பங்கைக் கொடுத்தது சரி. பாரத்தைப் புகழ்ந்தது வேண்டாமே.

அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாயைக் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத்தொகை என்று வைத்தது. சொல் முக்கியம். உழைத்ததற்கான உரிமை என்று ஒப்புக்கொண்ட சொல். ஆனால் பணத்தால் வாங்க முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது.

சும்மா

“என்ன பண்றீங்க?” என்று கேட்டால் வேலைக்குப் போகாத பெண்கள் சொல்லும் பதில் நமக்குத் தெரியும்: “வீட்டுல சும்மாதான் இருக்கேன்.”

2001இல் மார்கஸ் ரெய்க்கிலும் அவரோடு பணிபுரிந்தவர்களும் மூளை ‘சும்மா’ இருக்கும்போது என்ன செய்கிறது என்பதை எழுதினார்கள். எந்த வேலையும் கொடுக்காமல் படுக்கவைத்தாலும் மூளை அடங்குவதில்லை. சில பகுதிகள் அப்போதுதான் கூடுதலாக இயங்குகின்றன. குறிப்பிட்ட வேலை கொடுத்தால் அவை அடங்குகின்றன. பழைய நினைவுகளைக் கோப்பது, வரப்போவதைக் கற்பனை செய்வது, தன்னைப் பற்றி யோசிப்பது ஆகியவற்றோடு அந்தப் பகுதிகளைப் பிற்கால ஆய்வுகள் தொடர்புபடுத்தின. சும்மா இருக்கும் மூளை சும்மா இல்லை. அங்கேதான் ஒரு மனுஷி தன்னோடு பேசிக்கொள்கிறாள்.

சும்மா இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பெண்ணுக்கு அந்தச் சும்மா கிடைப்பதே இல்லை என்பதுதான் விஷயம். மதியம் படுத்தால் மோட்டார். டிவி முன்னால் உட்கார்ந்தால் மாத்திரை. இரவு கண்ணை மூடினால் நாளைக்கு என்ன டிபன். கவிதை எழுதுவதும் கணிதம் போடுவதும் இருக்கட்டும். நான் யார், எனக்கு என்ன வேண்டும் என்று நினைக்கவே விடாத நெரிசல் அது. படிப்பில் கெட்டிக்காரியாக இருந்தவர்கள் முப்பத்தைந்து வயதில் “எனக்கு மூளையே மழுங்கிப்போச்சு, எதையும் படிச்சா மண்டையில ஏறல” என்று சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். மழுங்கவில்லை, தோழி. நான்கு பேர் உட்காரும் இடத்தில் நாற்பது பேர் நிற்கிறார்கள். மறதி அதிகமாகி அன்றாட வாழ்க்கையே தடுமாறினால் மருத்துவரைப் பாருங்கள், அது வேறு. ஆனால் பால் அடுப்பில் பொங்கியதற்காகவோ மஞ்சள் சட்டை மறந்துபோனதற்காகவோ உங்கள் மூளையைத் திட்டாதீர்கள்.

என் மாணவிகளிடமும் தோழிகளிடமும் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. முதலாவது, வாசிப்பைப் பற்றியது. கதையோ படமோ எதுவானாலும், யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். யார் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள், யாருக்கு மறக்க முடிகிறது என்றும் பாருங்கள். நாயகன் பசியோடு வந்து உட்கார்ந்ததும் தட்டு வருகிற எந்தக் காட்சியும் அதற்குப் பிறகு பழையபடி தெரியாது.

இரண்டாவது, வீட்டைப் பற்றியது. ‘உதவி’ கேட்காதீர்கள். “கடைக்குப் போய்ட்டு வாங்க” என்றால் பட்டியல் உங்கள் தலையில்தான் இருக்கும். ஒரு வேலையை அதன் ஞாபகத்தோடு சேர்த்து ஒப்படையுங்கள். மாத்திரை அவர் பொறுப்பு என்றால், தீரப்போவதைக் கவனிப்பது, சீட்டைத் தேடுவது, வாங்குவது, மாமியார் போட்டுக்கொண்டாரா என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தண்ணீர்த் தொட்டி மகனுடையது என்றால் மோட்டாரும் அவனுடையது. முதல் வாரம் தொட்டி வழியும். உங்கள் கை தானாக சுவிட்சை நோக்கிப் போகும். போக விடாதீர்கள். தெருவில் தண்ணீர் ஓடினால் அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். “எங்க பையன் மறந்துட்டான்” என்று சொல்லுங்கள்.